ஆங்கில வினைச்சொல்லைக் கெடுத்தது தமிழா? ‘பண்ணி’யா?



ஆண்டு ஒன்றுக்கு மாணவர் பதிவு நடைபெறும் காலம் வந்தால் எனக்கு உறக்கம் குறைந்துவிடும். பெம்பானைச் சுற்றியுள்ள தோட்டங்களும் வீடமைப்புப் பகுதிகளும் பெரியவை அல்ல. எந்த வீட்டில் பள்ளி செல்லும் அகவையை எட்டிய பிள்ளை இருக்கிறது என்பது எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையை எந்தப் பள்ளியில் பதிந்தார்கள் என்பதும் விரைவில் தெரிந்துவிடும்.

அண்மையில் ஒட்டுக்கடையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, செம்பனை லோரி ஓட்டும் அன்பர் ஒருவர் வந்து அமர்ந்தார். அவருடைய மகன் என்னிடம் படிக்கும் நான்காம் ஆண்டு மாணவன். மகளுக்கு இப்போதுதான் பள்ளி செல்லும் அகவை. சற்று நேரம் மழையைப் பற்றியும் செம்பனை விலையைப் பற்றியும் பேசிவிட்டு, தலையைக் குனிந்தபடி சொன்னார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. சின்னவள தமிழ்ப்பள்ளியில பதியல.”

காரணம் கேட்டேன். கோலாலம்பூரில் நடந்த உறவினர் திருமணத்தில், அவருடைய மகன் தன் ஒன்றுவிட்ட அண்ணனிடம் கைப்பேசியைக் கேட்டிருக்கிறான். “போரோ மீ யுவர் ஃபோன்” என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறான். அந்த அண்ணன் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். “தமிழ்ப்பள்ளி இங்கிலீசு இப்படித்தான் இருக்கும்” என்று ஒரு பெரியம்மா சொன்னாராம். அந்த ஒரு சொல் இந்தத் தந்தையின் நெஞ்சில் தைத்துவிட்டது. மகனுக்கு நேர்ந்த தலைக்குனிவு மகளுக்கும் நேரக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார்.

அன்று நான் எதுவும் பேசவில்லை. தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம். அன்று சொல்லியிருக்க வேண்டிய மறுமொழியைத்தான் இன்று இங்கே எழுதுகிறேன். அந்த அன்பருக்கு மட்டுமல்ல. சிரித்த அந்தப் பெரியம்மாவுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், பிழை எது?

பையன் சொன்னது பிழைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் ‘போரோ’ என்றால் பிறரிடமிருந்து இரவலாகப் பெறுதல். ‘லெண்ட்’ என்றால் பிறருக்கு இரவலாகக் கொடுத்தல். பெறுபவன் செய்வது ‘போரோ’. கொடுப்பவன் செய்வது ‘லெண்ட்’. ஆகவே, “கேன் ஐ போரோ யுவர் ஃபோன்?” என்று கேட்கலாம், அதாவது, நான் இரவல் வாங்கிக்கொள்ளலாமா என்று. அல்லது, “கேன் யூ லெண்ட் மீ யுவர் ஃபோன்?” என்று கேட்கலாம்; அதாவது, நீ இரவல் கொடுப்பாயா என்று. ‘போரோ மீ’ என்றால் இரண்டும் கெட்ட நிலை. பெறுபவனுடைய வினையைக் கொடுப்பவன் தலையில் கட்டிவிடுகிறோம்.

சரி, பிழை தெரிந்தது. இப்போது கேள்விக்கு வருவோம். இந்தப் பிழையைச் செய்யச் சொல்லிக் கொடுத்தது தமிழா?

தமிழ் எப்படிக் குற்றவாளியாகும்?

நம் தாய்மொழியில் இதை எப்படிச் சொல்கிறோம்? ‘இரவல் வாங்கு’, ‘இரவல் கொடு’. ‘கடன் வாங்கு’, ‘கடன் கொடு’. வாங்குபவன் வேறு, கொடுப்பவன் வேறு. தமிழ் பேசும் மூன்று அகவைக் குழந்தை கூட, “எனக்குக் கடன் வாங்கு” என்று மற்றவனிடம் கைநீட்டாது. பெறுதலும் கொடுத்தலும் தமிழில் ஒருபோதும் குழம்புவதில்லை.

அதுமட்டுமா? ஆங்கிலத்தில் இல்லாத நுட்பமும் இங்கே உண்டு. வாங்கிய பொருளையே திருப்பித் தந்தால் அது இரவல். பணமாகப் பெற்று அதே அளவு பணத்தைத் திருப்பினால் கடன். வட்டியில்லாமல் சில நாளுக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கினால் கைமாற்று. அந்தக் காலத்து லயத்து வீடுகளில் சம்பள நாளுக்கு முன் அரிசி தீர்ந்துவிட்டால் பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி வாங்குவார்கள். பிறகு அதே அளவு அரிசியைத் திருப்பித் தருவார்கள். அதற்குக்கூட நம் பழந்தமிழில் ஒரு தனிச்சொல் உண்டு: குறியெதிர்ப்பை. திருவள்ளுவர் ஈகை அதிகாரத்தில் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். இவ்வளவு நுட்பமாகக் கொடுக்கல் வாங்கலைப் பிரித்து வைத்திருக்கும் மொழியா ‘போரோ மீ’ என்று சொல்லிக் கொடுக்கும்?

இல்லை. அந்தப் பையனுக்குத் தமிழ் முழுமையாகக் கைகொடுத்திருந்தால் அவன் இந்தப் பிழையைச் செய்திருக்கவே மாட்டான். ‘கடன் வாங்கு – போரோ, கடன் கொடு – லெண்ட்’ என்று இரண்டே வரியில் மனத்தில் பதிந்திருக்கும்.

அப்படியானால் பிழை எங்கிருந்து வந்தது?

நம் நாட்டுத் தெருவிலிருந்து வந்தது. பேச்சு வழக்கு மலாயில் ‘பின்ஜாம்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் ஓடுகிறது. நான் வாங்கினாலும் பின்ஜாம். நீ கொடுத்தாலும் பின்ஜாம். சீன மொழியிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இம்மொழிகள் புழங்கும் திடலிலும் சிற்றுண்டிச்சாலையிலும் பிள்ளைகள் பழகுகிறார்கள். ‘போரோ மீ’ என்ற தொடர் அங்கே பிறந்து வளர்ந்து, எல்லா இனத்துப் பிள்ளைகளின் நாவிலும் உட்கார்ந்திருக்கிறது. தேசியப்பள்ளிப் பிள்ளையும் சொல்கிறது. சீனப்பள்ளிப் பிள்ளையும் சொல்கிறது. ஆனால், தமிழ்ப்பள்ளிப் பிள்ளை சொன்னால் மட்டும் பள்ளியின் பெயர் நினைவுக்கு வருகிறது!

இதனால் மலாய் மொழியைக் குறை சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். செம்மையான மலாயில் ‘மெமின்ஜாம்’ என்றால் இரவல் வாங்குதல். ‘மெமின்ஜாம்கான்’ என்றால் இரவல் கொடுத்தல். ஒட்டுகள் அந்த வேலையைச் செய்கின்றன. ஒட்டை உதறிவிட்டு வேரை மட்டும் பேசும்போதுதான் குழப்பம். செருமானிய மொழியிலும் ஒரே வினைச்சொல் இரண்டு பொருளையும் தாங்குகிறது. அவர்கள் ஆங்கிலம் கற்கும்போதும் இதே இடத்தில் தடுமாறுகிறார்கள். ஆக, இது வெட்கப்பட வேண்டிய பிழையன்று. திருத்திக்கொள்ள வேண்டிய பிழை. அவ்வளவுதான்.

இன்னொரு சான்றும் தருகிறேன். “டீச்சர், கேன் ஐ பிரிங் திஸ் புக் ஹோம்?” என்று வகுப்பறையில் நின்றுகொண்டு கேட்கும் பிள்ளைகள் பலர். இங்கிருந்து அங்கே கொண்டு போவதற்கு ‘டேக்’ என்றும், அங்கிருந்து இங்கே கொண்டு வருவதற்கு ‘பிரிங்’ என்றும் சொல்ல வேண்டும். மலாயில் இரண்டுக்கும் ‘பாவா’ போதும். தமிழில்? ‘கொண்டு வா’, ‘கொண்டு போ’. திசை சொல்லிலேயே இருக்கிறது! தமிழை நினைத்துப் பார்த்தால் ஆங்கிலம் தானாகத் திருந்தும் இடம் இது.

இப்போது உண்மையான குற்றவாளிக்கு வருவோம்

நான் குற்றம் சாட்டுவது நம் வீடுகளில் பேசப்படும் ஒரு மொழியை. அது தமிழும் அன்று, ஆங்கிலமும் அன்று. அதன் பெயர் ‘பண்ணி’ மொழி.

மாலையில் ஒரு தாய் தன் பிள்ளையிடம் சொல்வதைக் கேளுங்கள்: “போய் பாத் பண்ணிட்டு, ட்ரெஸ் சேஞ்ச் பண்ணிட்டு, ஃபேன ஆஃப் பண்ணிட்டு, ஈட் பண்ண வா.”

இதில் எத்தனை தமிழ் வினைச்சொல் இருக்கிறது? ‘போ’, ‘வா’, ‘பண்ணு’. அவ்வளவே. குளி, மாற்று, நிறுத்து, சாப்பிடு ஆகிய நான்கும் பிடுங்கி எறியப்பட்டுவிட்டன. இதைத்தான் “பிள்ளைக்கு ஆங்கிலம் வரட்டும் என்று வீட்டில் ஆங்கிலம் கலந்து பேசுகிறோம்” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஐயகோ! இதனால் ஆங்கிலம் வருமா? வராது என்பதை ஒவ்வொன்றாக மெய்ப்பிக்கிறேன்.

1) பண்ணி மொழியில் ஆங்கில வினைச்சொல் செத்துப்போய் வருகிறது. காலமும் இடமும் எங்கே ஏறுகின்றன என்று பாருங்கள். ‘கால் பண்ணினேன்’, ‘கால் பண்ணுகிறேன்’, ‘கால் பண்ணுவேன்’. மாறுவது ‘பண்ணு’ மட்டுமே. ‘கால்’ கல்லைப் போல் கிடக்கிறது. ‘பை பண்ணினேன்’ என்று நூறு முறை கேட்ட பிள்ளைக்கு, ‘பை’ என்பதன் இறந்தகாலம் ‘பாட்’ என்பது எப்படித் தெரியும்? ‘டேக்’ இறந்தகாலத்தில் ‘டுக்’ ஆகும், ‘ஈட்’ என்பது ‘ஏட்’ ஆகும் என்பதை அது வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. ஆகவேதான் “எஸ்டர்டே ஐ கால் மை ஃபிரண்ட்” என்று எழுதுகிறது. ஆங்கில வினைச்சொல்லின் உயிரே அதன் காலமாற்றத்தில்தான் இருக்கிறது. அந்த உயிரை எடுத்துவிட்டு உடலைப் பிள்ளையின் கையில் கொடுக்கிறோம்.

2) பண்ணி மொழியில் சொல்வகை அழிந்துபோகிறது. ‘ஆஃப் பண்ணு’, ‘ரெடி பண்ணு’, ‘மிஸ் பண்ணு’, ‘லேட் பண்ணு’. ‘மிஸ்’ வினைச்சொல். ‘ரெடி’ பெயரடை. ‘ஆஃப்’ வினைச்சொல்லே அன்று. ஆனால், ‘பண்ணு’வுக்கு முன்னால் வந்தால் எல்லாம் ஒன்றுதான். ஆகவே, பிள்ளை என்ன முடிவுக்கு வருகிறது? ‘ஆஃப்’ ஒரு வினைச்சொல் என்ற முடிவுக்கு. பிறகு ஆங்கிலத்தில் எழுதும்போது “ஆஃப் தி ஃபேன்” என்கிறது. ‘டர்ன் ஆஃப்’, ‘சுவிட்ச் ஆஃப்’ என்பதில் உள்ள உண்மையான வினைச்சொல்லை அது கேட்டதே இல்லை. இந்தப் பிழையைத் தமிழ் கற்றுக்கொடுக்கவில்லை. ‘விசிறியை நிறுத்து’ என்பதுதான் தமிழ். ‘விளக்கை அணை’ என்பதுதான் தமிழ். தமிழைக் கைவிட்ட இடத்தில்தான் ஆங்கிலமும் கெட்டது!

3) பண்ணி மொழியில் தமிழ் வினைச்சொல்லும் வளர்வதில்லை. ஒரு நாள் நான்காம் ஆண்டு வகுப்பில் ‘வெட்டு, நறுக்கு, அரி, கொய், அறு, சீவு’ ஆகிய சொற்களை எழுதி, எதை எதற்குச் சொல்வோம் என்று கேட்டேன். பெரும்பாலோர் ‘வெட்டு’ என்பதோடு நின்றுவிட்டனர். ஒரு மாணவி எழுந்து, “சார், எல்லாமே கட் பண்றதுதானே?” என்றாள். அவள் மீது குற்றமில்லை. மரத்தை வெட்டுகிறோம், காயை நறுக்குகிறோம், கீரையை அரிகிறோம், பூவைக் கொய்கிறோம், நெல்லை அறுக்கிறோம், பென்சிலைச் சீவுகிறோம் என்று அவளிடம் யார் சொன்னார்கள்? இரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிய பாட்டியின் பேத்தி அவள். பாட்டிக்கு இருந்த வினைச்சொற்களில் பாதிகூடப் பேத்திக்கு இல்லை.

வினைச்சொற்களைக் கூர்மையாகப் பிரித்தறியும் பழக்கம் தாய்மொழியில் வராத பிள்ளைக்கு, ‘சே, டெல், ஸ்பீக், டாக்’ நான்குக்கும் உள்ள வேறுபாடு எப்படிப் பிடிபடும்? சொல், கூறு, பேசு, உரையாடு என்பவற்றின் வேறுபாட்டை உணர்ந்த பிள்ளைக்கு அது விரைவில் பிடிபடும்.

ஒரு மறுப்பும் மறுமொழியும்

“மொழிகள் ஒன்றோடொன்று கலப்பது இயல்புதானே? தமிழில் வடசொல் கலக்கவில்லையா?” என்று கேட்பார்கள். கலந்தது. ஆனால், எப்படிக் கலந்தது என்று பாருங்கள். வடமொழி வினைகளைப் பெற்றபோது, தமிழ் அவற்றைத் தன் வாய்க்கு மென்று விழுங்கியது. யோசி, தியானி, சபி, தண்டி. இவை யோசித்தான், யோசிக்கிறான், யோசிப்பான் என்று தமிழ் வினைகளைப் போலவே காலம் காட்டின, பால் காட்டின. தனித்தமிழ் அன்பர்கள் அதையும் விரும்பமாட்டார்கள்; நானும் விரும்பமாட்டேன். ஆனாலும், அன்று தமிழுக்குச் செரிக்கும் ஆற்றல் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று ஆங்கில வினைகளை நாம் செரிக்கவில்லை. ‘பண்ணு’ என்ற ஆணியில் அப்படியே தொங்கவிட்டிருக்கிறோம்.

சப்பானியரும் இந்திக்காரரும் இவ்வாறே ஒரு துணைவினையைக் கொண்டு அயல்வினைகளை ஆள்கிறார்களே என்றும் கேட்கலாம். ஆம். ஆனால், சப்பானிய மாணவன் தன் மொழியின் வினைச்சொற்களைப் பள்ளியிலும் வீட்டிலும் தொலைக்காட்சியிலும் நாள்தோறும் முழுமையாகக் கேட்கிறான். அவனுக்குக் கலப்பு மிச்சம். நம் பிள்ளைக்கோ கலப்பே முதல். இரு மொழியும் நன்கறிந்தவர் கலந்து பேசினால் அது அவர் விருப்பம். இரண்டும் அறியாத குழந்தைக்குக் கலப்பை மட்டுமே ஊட்டினால் அது நாம் செய்யும் தீங்கு.

தமிழ் இலக்கணம் ஆங்கிலத்திற்கு ஏணி

நம்மில் பலர் நினைப்பதைப் போலத் தமிழ் இலக்கணம் தேர்வுக்காக மனனம் செய்துவிட்டு மறக்க வேண்டிய சுமையன்று. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரவு, தரவு, செலவு, கொடை என்னும் நான்கு வினைகளை எடுத்துக்கொண்டு, எது எந்த இடத்திற்குரியது என்று வகுத்திருக்கிறார். வருதலும் தருதலும் தன்மை, முன்னிலை இடங்களை நோக்கியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கையை நோக்கியவை. ‘எனக்குத் தா’, ‘உனக்குத் தருகிறேன்’, ‘அவனுக்குக் கொடு’. இதை உணர்ந்த மாணவனுக்கு ஆங்கிலத்தின் ‘கம்’, ‘கோ’, ‘பிரிங்’, ‘டேக்’ ஆகியவற்றின் திசையை விளக்க ஐந்து நிமையம் போதும்.

எச்சவியலில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களில், தாழ்ந்தோன் கேட்பது ‘ஈ’. ஒத்தோன் கேட்பது ‘தா’. உயர்ந்தோன் கேட்பது ‘கொடு’. ஆங்கிலத்தில் ஒரே ‘கிவ்’ உள்ள இடத்தில் தமிழில் மூன்று. யாரிடம் எப்படிக் கேட்பது என்னும் பண்பாட்டையே வினைச்சொல்லில் பொதிந்து வைத்தவர்கள் நம் முன்னோர். இந்த உணர்வு உள்ள பிள்ளைதான், “கிவ் மீ” என்று ஆசிரியரிடம் கேட்பதற்கும் “மே ஐ ஹேவ்” என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை எளிதில் உணரும்.

அதேபோல், தன்வினையும் பிறவினையும். உருள் – உருட்டு, திரும்பு – திருப்பு, ஓடு – ஓட்டு. செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை. இவற்றைத் தமிழில் தெளிந்த மாணவன், ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ என்னும் இரண்டையும் குழப்பமாட்டான். எழு – எழுப்பு, உயர் – உயர்த்து என்று தானே பொருத்திக்கொள்வான்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வோம்

தமிழால் வரும் பிழையே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். உண்டு. ‘அவர் ஆசிரியர்’ என்ற தொடரில் வினைச்சொல் வெளிப்படையாக இல்லை. ஆகவே, “ஹீ டீச்சர்” என்று பிள்ளை எழுதுகிறது, ‘இஸ்’ விட்டுப்போகிறது. ‘போய் வருகிறேன்’ என்பது “ஐ கோ அண்ட் கம்” ஆகிறது. ‘எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்’ என்பதை அப்படியே பெயர்த்தால் ‘ஹேவ்’ வராமல் போகிறது.

இவை உண்மையான தமிழ்த் தாக்கம். இவற்றுக்கு மருந்து என்ன? தமிழை மறைப்பதா? இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாட்டைக் காட்டுவதே மருந்து. “தமிழில் இங்கே வினைச்சொல் மறைந்து நிற்கும், ஆங்கிலத்தில் மறையாது” என்று ஒருமுறை தெளிவாகச் சொன்னால் போதும். காரணம் புரிந்த பிள்ளை தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும். காரணமே தெரியாமல் சிவப்பு மையால் வட்டமிடப்பட்ட பிள்ளை மீண்டும் அதே பிழையைச் செய்யும்.

அரசுக் கொள்கைகள் கற்றுத் தந்த பாடம்

2003ஆம் ஆண்டில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை நம் நாட்டில் தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. அக்காலத்தில் பாடம் எப்படி நடந்தது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். “வாட்டரை பாயில் பண்ணினால் இவாப்பரேட் ஆகும்.” இதுதான் ஆங்கிலவழிக் கல்வியாக நடந்தது! பெயர்ச்சொற்களைப் பிள்ளைகள் மனனம் செய்தார்கள்; வினைச்சொற்கள் ‘பண்ணு’, ‘ஆகு’ என்பவற்றுக்குள் அடைபட்டன. 2009ஆம் ஆண்டில் அக்கொள்கையைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. பிறகு 2016இல் இருமொழித் திட்டம் என்ற பெயரில் அதே எண்ணம் வேறு வாசல் வழியாக வந்தது. ஆங்கிலம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆங்கிலத்தை ஆங்கிலப் பாடத்தில் செம்மையாகக் கற்பியுங்கள் என்பதே என் வேண்டுகோள். அறிவியலைப் பலியிட்டு ஆங்கிலம் வளர்க்க முடியாது.

தாய்மொழியில் கல்வி தொடங்குவதே குழந்தைக்கு நலம் என்று ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு 1953ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தது. அதற்கு ஈராண்டுக்கு முன்புதான், 1951இல், பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாய் – ஆங்கில இருமொழித் தேசியப்பள்ளிகளைப் பரிந்துரைத்திருந்தது. அன்று நம் முன்னோர் அதை ஏற்காமல் தமிழ்ப்பள்ளிகளைக் காத்தார்கள். பால்வெட்டிய கைகள் காத்த பள்ளிகளை, ஒரு திருமண வீட்டுச் சிரிப்புக்காக நாம் விட்டுக்கொடுப்பதா?

நம் மலாக்காவே நமக்குச் சான்று

தொலைதூரம் போக வேண்டாம். மலாக்கா நகரில் காஜா பெராங் பகுதியில் செட்டிக் கம்பம் இருக்கிறது. மலாக்கா சுல்தான்கள் ஆண்ட 15ஆம் நூற்றாண்டில் வணிகம் செய்ய வந்து, இம்மண்ணில் மணந்து, இங்கேயே வேர்விட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் மலாக்காச் செட்டிகள். துக்காங் எமாஸ் சாலையில் 1781ஆம் ஆண்டில் எழுந்த பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அவர்களுடையது. போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மாறி மாறி ஆண்ட காலமெல்லாம் தங்கள் சமயத்தைக் காத்தவர்கள் அவர்கள். பொங்கலும் போகியும் இன்றும் அவர்கள் வீட்டில் உண்டு. அந்த உறுதிக்குத் தலைவணங்குகிறேன்.

ஆனால், அவர்களுடைய வீட்டுமொழி மலாய். உறவுமுறையிலும் வழிபாட்டிலும் தமிழ்ப் பெயர்ச்சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தொடரை நடத்திச் செல்லும் வினைகள் தமிழல்ல. அவர்கள் மீது குறையில்லை; அந்நாளில் அவர்களுக்குத் தமிழ்ப்பள்ளி இல்லை. நமக்கு இருக்கிறது! இதில் நமக்கொரு பாடம் உண்டு. பெயர்ச்சொல்லை இழந்தால் ஒரு மொழி ஏழையாகும். வினைச்சொல்லை இழந்தால் அம்மொழி பேச்சு என்ற நிலையிலிருந்தே இறங்கிவிடும். கடையும் கப்பலும் பெட்டியும் தமிழிலிருந்து மலாய்க்குப் போய், கெடாய், காப்பால், பெத்தி என்று வாழ்கின்றன. அதனால் மலாய் தமிழாகிவிடவில்லை. ஏனென்றால் வினைகள் மலாயாகவே நின்றன. அதே அளவுகோலை நமக்கும் வைத்துப் பாருங்கள். பெயர்ச்சொல்லை ஆங்கிலத்திற்குக் கொடுத்தோம். இப்போது வினைச்சொல்லையும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மிச்சமிருப்பது ஒரே ஒரு ‘பண்ணு’.

என்ன செய்யலாம்?

புலம்பிப் பயனில்லை. என் வகுப்பில் செய்து பயன் கண்டவற்றைச் சொல்கிறேன். பெற்றோர் வீட்டிலும் செய்யலாம். செலவு ஒரு வெள்ளிகூட இல்லை.

1) கிழமைக்கு மூன்று ஆங்கில வினைச்சொற்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் நேரான தமிழ் வினையைப் பிள்ளையே தேடட்டும். ஒன்றுக்கு இரண்டு தமிழ் வினை கிடைத்தால் இன்னும் நல்லது.

2) ஒவ்வொரு வினையையும் நேற்று, இன்று, நாளை என மூன்று தொடரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதட்டும். ‘நேற்றுக் கடன் வாங்கினேன் – ஐ போரோட் எஸ்டர்டே.’ தமிழின் கால இடைநிலை மாறுவதையும் ஆங்கில வினை மாறுவதையும் அருகருகே காணட்டும்.

3) யாரிடமிருந்து, யாருக்கு என்று கேளுங்கள். ‘போரோ’வுக்குப் பின்னால் ‘ஃப்ரம்’ வரும். ‘லெண்ட்’டுக்குப் பின்னால் ‘டு’ வரும். தமிழில் ‘இடமிருந்து’, ‘உக்கு’. ஐந்தாம் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும் ஆங்கிலத்திற்கு வழிகாட்டும்.

4) வீட்டில் ‘பண்ணு’ என்று சொல்ல வரும்போது ஒரு நொடி நில்லுங்கள். தமிழில் சொல்ல வேண்டுமா, முழுத் தமிழில் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமா, முழு ஆங்கிலத்தில் சொல்லுங்கள். இரண்டும் பிள்ளைக்கு நன்மை. பாதிக்குப் பாதி மட்டும் வேண்டாம்.

5) பிள்ளை பிழையாகப் பேசினால் சிரிக்காதீர்கள். சரியான தொடரை மெதுவாகத் திருப்பிச் சொல்லுங்கள். சிரிப்புக்கு அஞ்சிய பிள்ளை இரு மொழியிலும் வாய் திறக்காது.

2021ஆம் ஆண்டில் ஆறாம் ஆண்டுக்கான யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் நீக்கப்பட்டுவிட்டது. “தேர்வுக்கு ஓட வேண்டும், இதற்கெல்லாம் நேரமில்லை” என்று ஆசிரியர்களாகிய நாமும் இனிச் சாக்குச் சொல்ல முடியாது.

முடிவாக

அந்த லோரி ஓட்டுநர் அன்பரின் மகனுக்கு மறுநாளே வகுப்பில் ‘போரோ’, ‘லெண்ட்’ இரண்டையும் தமிழ்வழி விளக்கினேன். அவன் பெயரைச் சொல்லவில்லை. வகுப்பு முழுமைக்கும் சொன்னேன். பாடம் முடிந்து, ஓய்வு நேரத்தில் அவன் என் மேசைக்கு வந்தான். “சார், கேன் ஐ போரோ யுவர் ரூலர்?” என்றான். கொடுத்தேன். இரண்டடி போய்த் திரும்பி, “நீங்க லெண்ட் பண்ணிட்டீங்க சார்” என்றான்!

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆங்கில வினை சரியான இடத்தில் வந்துவிட்டது. ‘பண்ணி’ மட்டும் போகவில்லை. “இரவல் கொடுத்துட்டீங்க சார்னு சொல்லுப்பா” என்றேன். சொன்னான். அவன் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் ஆனது. அவன் தங்கைக்கும் அதே அரை மணி நேரம்தான் ஆகும். அந்த அரை மணி நேரத்திற்காக ஒரு தமிழ்ப்பள்ளியை விட்டுப் போக வேண்டுமா என்று அந்தத் தந்தை எண்ணிப் பார்க்கட்டும்.

மாணவர் எண்ணிக்கை 150க்குக் குறைந்தால் அதைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறார்கள். தோட்டப்புறத்துத் தமிழ்ப்பள்ளிகள் பல அப்பட்டியலில் உள்ளன. அங்கே ஒரு பிள்ளை குறைந்தால் ஒரு நாற்காலி மட்டும் குறைவதில்லை. ஒரு குடும்பத்தின் அடுத்த தலைமுறைத் தமிழே குறைகிறது.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் ஆங்கிலத்துக்குத் தமிழ் பகையன்று. நல்ல தமிழ் பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையை எங்களிடம் அனுப்புங்கள். ஆங்கில வினைச்சொல்லை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இனிய தமிழ் வாழ்த்துகளுடன்,
பெம்பானிலிருந்து ஒரு தமிழாசிரியன்